சாய்ந்தபடி ஜெயித்த சைக்கிள்

1933 ஜூலை 7 அன்று பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. சைக்கிள் ஓட்டினார். 1914-ல் ஆஸ்கர் எக் வைத்த 44.247 கி.மீ. சாதனை முறிந்தது. இத்தனைக்கும் ஃபோர் முன்னணி வீரர் அல்ல!

ரகசியம் வண்டியில் இருந்தது. சார்ல் மோஷே வடிவமைத்த அதில் முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். வேகமாகப் போகும் சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்றுதான். சாய்ந்திருப்பவர் மேல் அது குறைவாகவே மோதும்.

உலக சைக்கிள் சங்கம் என்ன செய்தது? 1934-ல் பந்தய சைக்கிளுக்குப் புதிய இலக்கணம் வகுத்து, சாய்வு வண்டியை விலக்கி வைத்தது. மோஷே அதே ஆண்டு காலமானார். 1939-ல் ஃபோர், காற்றைக் கிழிக்கும் கூடு பொருத்திய சாய்வு வண்டியில் 50 கி.மீ.யைத் தாண்டினார்.

பிந்தைய கணக்கையும் பாருங்கள். வழக்கமான பந்தய சைக்கிளில் ஃபிலிப்போ கன்னா 2022-ல் ஒரு மணி நேரத்தில் கடந்தது 56.792 கி.மீ. கூடு பொருத்திய சாய்வு வண்டியில் பிரான்செஸ்கோ ருஸ்ஸோ 2016-லேயே 92.439 கி.மீ. போய்விட்டார். சங்கத்தின் விலக்கு மட்டும் இன்னும் நீங்கவில்லை.