வைஸ்ராயே மெய்மறந்து கேட்ட வலங்கைமான்காரரின் பேச்சு... சட்டம் மட்டும் ஏன் நிற்கவில்லை?

நன்னிலம் தொகுதியில் இருக்கும் வலங்கைமான்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது மாரியம்மன் கோயில் பாடைக்காவடி. அடுத்தது பட்டாசு. ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தையே தன் பேச்சால் திரும்பிப் பார்க்க வைத்த ஒருவர் பிறந்த ஊரும் இதுதான். அவர் பெயர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. பெயரில் இருக்கும் 'வி' வலங்கைமானைத்தான் குறிக்கிறது.

இவர் 1919இல் பேசிய ஒரு பேச்சு, இன்றும் சிறந்த பேச்சுகளின் பட்டியலில் வருகிறது. ஆனா எதைத் தடுக்கணும்னு அவர் பேசினாரோ, அது தடுக்கப்படவில்லை. அப்போ அது வெற்றி பெற்ற பேச்சா, தோற்ற பேச்சா? பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள் தொடங்கி மேடையில் ஏறும் யாருக்கும் உதவக்கூடிய கேள்வி இது.

யார் இந்த சாஸ்திரி?

1869 செப்டம்பர் 22ஆம் தேதி ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு ஆசிரியர் ஆனார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். உச்சரிப்பில் ஒரு சின்னப் பிசகுகூட பொறுக்காத வாத்தியார். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்த பிறகு சங்கத்தின் தலைவரானார். காந்தியும் கோகலேயைத் தன் அரசியல் குருவாக மதித்தவர். அதனால் சாஸ்திரியுடன் எத்தனை கருத்து வேறுபாடு வந்தாலும் அவரை அண்ணன் ஸ்தானத்தில்தான் வைத்திருந்தார். 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்பது சாஸ்திரிக்குக் கிடைத்த பட்டப்பெயர்.

1919 பிப்ரவரி 7: அவையில் என்ன நடந்தது?

ரௌலட் மசோதா டெல்லியில் மத்திய சட்டசபைக்கு வந்த நேரம். விசாரணை இல்லாமலேயே ஒருவரை அடைத்து வைக்கலாம், ஜூரி இல்லாமல் விசாரிக்கலாம், தீர்ப்புக்கு மேல் அப்பீல் போக முடியாது. இதுதான் சாரம். தலைமை இடத்தில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு. அரசுத் தரப்புக்குத்தான் பெரும்பான்மை. முடிவு என்னன்னு எல்லோருக்கும் முன்னாடியே தெரியும். அந்த நிலைமையில்தான் சாஸ்திரி எழுந்தார்.

முதலில் ஒன்றைக் கவனிக்கணும். சாஸ்திரி மிதவாதி. தீவிரவாதிகளின் வெடிகுண்டு அரசியலை அவர் ஏற்கவில்லை என்பது எதிரில் இருந்த அதிகாரிகளுக்கும் தெரியும். அதனால் 'இவர் வழக்கமா கத்துகிற ஆள்' என்று தள்ளிவிட முடியாது. கிரேக்கத்து அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று ஆயுதங்களில் முதலாவது இதுதான்: பேசுபவர் மேல் கேட்பவருக்கு இருக்கும் மதிப்பு. மற்ற இரண்டும் உணர்ச்சி, தர்க்கம். சாஸ்திரி வாயைத் திறக்கும் முன்பே முதல் ஆயுதம் அவர் கையில் இருந்தது.

அடுத்து தர்க்கம். கெட்ட சட்டத்தைப் போட்டால் அது கெட்டவர்கள் மேல் மட்டும் பாயும் என்று நினைக்காதீர்கள் என்றார். சின்னச் சம்பவங்களுக்கே அரசாங்கங்கள் நிதானம் இழந்ததைப் பார்த்திருக்கிறேன், நாட்டின் மிக உயர்ந்த மனிதர்களே சந்தேக வளையத்துக்குள் வந்து சிஐடி எப்போது கதவைத் தட்டுமோ என்று பயந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். இந்தப் 'பார்த்திருக்கிறேன்' திரும்பத் திரும்ப வருவது சும்மா இல்லை. இது யூகம் இல்லை, சாட்சியம் என்று கேட்பவரின் மனசில் ஆணி அடிக்கும் வேலை.

அதற்கப்புறம் வந்ததுதான் இந்தப் பேச்சின் உச்சம். இப்படி ஒரு சட்டம் வந்தால் 'குற்றமற்றவன்' என்று யாரைச் சொல்வீர்கள்? அரசியலே வேண்டாம் என்று வீட்டுக்குள் முடங்கி, பிரார்த்தனையை முணுமுணுத்து, வரியைக் கட்டி, எதிரில் வரும் அதிகாரிக்கெல்லாம் சலாம் போடுகிறவனைத்தான் என்று ஒரு சித்திரம் வரைந்தார். பொதுக்கூட்டத்தில் பேசுகிறவன், பொதுக்காரியத்துக்கு நன்கொடை திரட்டுகிறவன் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவன் ஆகிவிடுவான். என்னைப் போன்றவர்களே அந்த எல்லைக்கோட்டில்தான் நிற்கிறோம் என்று தன்னையும் அதற்குள் சேர்த்துக்கொண்டார்.

நாலு வரி அங்கதம், அவ்வளவுதான். ஆனா பத்துப் பக்கச் சட்ட வாதம் செய்யாததை அது செய்தது. அரசுக்கு விசுவாசமான சாஸ்திரியே நாளைக்கு உள்ளே போகலாம் என்றால் இந்தச் சட்டம் எப்படிப்பட்டது? கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்பவர்கள் தாங்களே கேட்டுக்கொள்ளும்படி விட்டுவிட்டார்.

மசோதா நிறைவேறினால், கிளர்ச்சியில் சேராமல் இருப்பது இங்கே இருக்கும் யாருக்கும் கடமை தவறியதாகிவிடும் என்றும் சொன்னார். கூடவே, இது மிரட்டல் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்!

அப்புறம் ஏன் சட்டம் நிற்கவில்லை?

அன்று பார்வையாளராக இருந்தவர்களில் ஒருவர் காந்தி. சாஸ்திரி பேசும்போது வைஸ்ராய் மெய்மறந்து கேட்டதுபோல் தெரிந்தது என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார். உடனே அடுத்ததையும் எழுதுகிறார்: தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்ற பொருளில். மார்ச் மாதமே மசோதா சட்டமானது. அரசு நியமிக்காத இந்திய உறுப்பினர்கள் எல்லோரும் எதிர்த்தும் பலன் இல்லை.

இதே நேரம் வட இந்தியத் தெருக்களில் வேறொரு பேச்சு ஓடியது. வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை. மூன்றே துண்டு. சாஸ்திரி நீளமாக விளக்கிய அதே விஷயம்தான். ஆனா இதை ரிக்‌ஷாக்காரரும் சொல்லலாம், கடைக்காரரும் சொல்லலாம். ஏப்ரல் 6ஆம் தேதி கடையடைப்பு, 13ஆம் தேதி ஜாலியன்வாலா பாக் படுகொலை. 1922இல் சட்டமே வாபஸ் ஆனது.

இதில் ஒரு முரண்: கிளர்ச்சியில் சேருவது கடமை என்று பேசிய சாஸ்திரி, காந்தி சத்தியாகிரகம் அறிவித்தபோது அதை எதிர்த்து வந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பேச்சு போன தூரத்துக்கு பேச்சாளர் போகவில்லை.

ஆனாலும் அவர் பாணி எடுபட்ட இடமும் உண்டு. 1921இல் லண்டன் இம்பீரியல் மாநாட்டில், சாம்ராஜ்யத்தின் மற்ற நாடுகளில் சட்டப்படி குடியேறிய இந்தியர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று வாதாடினார். தென்னாப்பிரிக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற நாடுகள் ஏற்று தீர்மானம் வந்தது. கேட்பவர்களுக்கு மனம் மாற இடம் இருந்த அவை அது.

அதே டெல்டா, வேற பேச்சு

இப்போ 1943க்கு வருவோம். மன்னார்குடி பக்கம் தென்பரை கிராமம். பண்ணையாட்களைக் கூட்டிவைத்துப் பேசுகிறார் பி.சீனிவாச ராவ். கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பி தஞ்சை வந்தவர், கர்நாடகத்துக்காரர், தாய்மொழி கன்னடம். இலக்கணம் பார்த்தால் நம்ம சாஸ்திரி வாத்தியார் நெற்றியைச் சுருக்கியிருப்பார். அப்படி ஒரு தமிழ்.

எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பெரும்பாலும் பட்டியல் சமூகத்துக் கூலித் தொழிலாளர்கள். வேலையில் குறை என்றால் மாட்டுச்சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பார்கள், அதற்குப் பெயர் சாணிப்பால். இன்னொரு தண்டனை சவுக்கடி. அவர்களிடம் பி.எஸ்.ஆர் சொன்னதை டெல்டாவில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்: நீங்களும் எல்லோரையும்போல தாய் வயிற்றில் பத்து மாசம் இருந்து பிறந்தவங்கதான், அடிச்சா திருப்பி அடி.

இதில் உவமை இல்லை, அங்கதம் இல்லை. ஆனா வாதத்தின் அடிப்படையைப் பாருங்கள். உரிமை, சட்டம், தத்துவம் என்று வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. கேட்பவருக்குச் சந்தேகமே இல்லாத ஒரு உண்மையிலிருந்து, பிறப்பிலிருந்து, தொடங்குகிறார். அடுத்த அடியிலேயே செயல். சாஸ்திரி எதிராளியை மாற்றப் பேசினார், பி.எஸ்.ஆர் அடிபட்டவரை எழுப்பப் பேசினார். என்னைக் கேட்டால், பேச்சுப் போட்டிகளில் முதலாமவரைப் படிக்கும் அளவுக்கு இரண்டாமவரைப் படிக்காதது பெரிய குறை.

1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் கூடாது என்பது அதில் ஒரு ஷரத்து. பேச்சு மட்டுமே இதைச் செய்யவில்லைதான். ஊர் ஊராகச் சங்கம் கட்டியதும், வேலைநிறுத்தமும் சேர்ந்ததுதான்.

அண்ணா, கலைஞர் பற்றி?

தனிக் கட்டுரையே எழுதலாம். அண்ணாவின் பலம் ஒப்புமை. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் மயிலுக்குப் பதில் காகம்தானே தேசியப் பறவையாக இருக்கணும் என்ற அவர் வாதம், இந்தித் திணிப்பு பேச்சு வரும்போதெல்லாம் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. திருவாரூரில் படித்து வளர்ந்த கலைஞருக்கு, 'உடன்பிறப்புகளே' என்று விளிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்காகவே கூட்டம் காத்திருக்கும்.

ஒரு பழைய பேச்சை எடுத்துப் படிக்கிறீங்களா? அழகான வரிகளுக்கு அடிக்கோடு போடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்க. எதிரில் யார் உட்கார்ந்திருந்தார், அவர் கையில் என்ன முடிவு இருந்தது, பேச்சாளர் எதை அவர் ஏற்கனவே நம்புகிறார் என்று எடுத்துக்கொண்டு தொடங்கினார் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்க. பேச்சு முடிந்து ஆறு மாதம் கழித்து என்ன நடந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்க.

மன்னார்குடி ஒப்பந்தம் வந்த அதே 1944இல், 74 வயது சாஸ்திரி சென்னை மயிலாப்பூரில் ராமாயணம் பற்றி 30 சொற்பொழிவுகள் ஆற்றிக்கொண்டிருந்தார், ஆங்கிலத்தில். 1946 ஏப்ரல் 17ஆம் தேதி அவர் காலமானார்.