பெயரறியா நோயும் வீட்டு நாயும்



தொண்டைமானாற்றிலே, செல்வச்சந்நிதி ஆலயத்தின் அயலிலுள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். படலையடியிற் படுத்திருந்து, வருவோர் போவோர் எல்லோரையும் குரலெழுப்பி விசாரித்து வந்த நாய், ஒருநாட் காலை எழுந்து வரவில்லை. வைத்த சோறு வைத்தபடியே கிடக்கின்றது. உடலிற் காயம் எதுவும் இல்லை. ஆயினும் மேனி கொதிக்கின்றது. வீட்டுக்காரர் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுகிறார். இரண்டு நாளில் நாய் எழுந்து நடக்கின்றது. நோய் போயிற்று என்று அனைவரும் மகிழ்கின்றனர். மூன்றாங் கிழமையில் அது மறுபடியும் விழுகின்றது. இம்முறை முரசு வெளுத்திருக்கின்றது. சிறுநீர் தேயிலைச் சாயம் போல இறங்குகின்றது. சில நாய்களுக்கு மூக்கிலிருந்து குருதியும் வடிகின்றது.

இது என்ன நோய்? மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றால் எவ்வளவு செலவாகும்? செலவழித்த பின்னரும் நாய் பிழைக்காது போனால் என் செய்வது? இக்கேள்விகள் அந்த ஒரு வீட்டிற்கே உரியவை போலத் தோன்றும். ஆனால் இவற்றுக்குப் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

விலங்குகளுக்கு வைத்தியம் செய்யும் வழக்கம் நம் நிலத்துக்குப் புதியதன்று. கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலே, அசோக மன்னன் தனது இரண்டாம் பாறைச் சாசனத்தில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் ஆகிய இருவகை வைத்தியத்துக்கும் வழி செய்ததாகக் கூறுகின்றான். அவ்வாறு வழிசெய்யப்பட்ட நாடுகளின் வரிசையில் சோழரும் பாண்டியரும் வருகின்றனர். தாமிரபரணி என்ற பெயரால் இலங்கையும் வருகின்றது. கி. பி. நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்ட புத்ததாச மன்னன் தானே ஒரு வைத்தியன் என்றும், நோயுற்ற பாம்பு ஒன்றையும் குணப்படுத்தினான் என்றும், யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியரை நியமித்தான் என்றும் பாளி வரலாற்று நூல் புகழ்கின்றது. தமிழிலும் மாட்டு வாகடம் உண்டு. குதிரைக்கும் யானைக்கும் வைத்திய நூல்கள் உண்டு. யானை போர்க்கு வேண்டும். குதிரை படைக்கு வேண்டும். மாடு ஏருக்கும் பாலுக்கும் வேண்டும். நாய்க்கு இந்த வரிசையில் இடம் கிடைத்தது மிகக் குறைவு.

நாயைத் தமிழர் மதிக்கவில்லை என்று இதனாற் கொள்ளல் ஆகாது. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று நிற்கின்றது. மகேந்திரவர்ம பல்லவனின் காலத்தது. எருமைக் கூட்டத்தைக் காத்து மாண்ட ஒரு வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு நின்று கள்வரைக் கடித்த நாயின் உருவமும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்திலேயே வெட்டப்பட்டுள்ளது. கன்னட நாட்டு ஆதகூரில், பத்தாம் நூற்றாண்டின் நடுவில், காட்டுப் பன்றியோடு பொருது மாண்ட காளி என்ற நாய்க்கும் கல் எடுத்தனர். போரில் மாண்ட நாய்க்குக் கல் நட்டனர். காய்ச்சலில் மாண்ட நாய்க்கு எவரும் கல் நடவில்லை. அந்தக் காய்ச்சல் எதனால் வந்தது என்று அறியும் கருவியும் எவரிடமும் இருக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சி வந்தபோது நாய் சட்டத்தினுள் நுழைந்தது. நோயாளியாக அன்று, ஆபத்தாக நுழைந்தது. இலங்கையில் 1893 இல் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும், 1901 இல் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. விசர்நாய்க்கடி உயிர்க்கொல்லி ஆகையால் அச்சட்டங்களுக்கு நியாயம் இருந்தது. ஆனால், அதன் நிழல் எல்லா நோய்களின் மீதும் விழுந்தது. சோறு உண்ணாது மூலையில் ஒதுங்கும் நாயைக் கண்டவுடன், 'விசராயிருக்குமோ' என்ற ஐயம் எழுவது இன்றும் இயல்பு. அந்த ஐயம் தேவையானதும் கூட. நடத்தை மாறிய நாயின் வாயிற் கை வைப்பது எக்காலத்திலும் மடமை. எனினும், அந்த ஐயத்தினாலேயே எத்தனையோ காய்ச்சற்கார நாய்கள் வைத்தியரைக் காணாமலே சுடப்பட்டிருக்கும் என்று எண்ணுகின்றேன்.

இனி, காய்ச்சலுக்குப் பெயர் கிடைத்த வரலாற்றுக்கு வருவோம். அது நமக்கு அண்மையிலே, கடலுக்கு அப்பாற் சென்னையில் நிகழ்ந்தது.

சென்னையில் வாழ்ந்த வெள்ளைக்காரருக்கு 'மதராஸ் ஹன்ட்' என்ற வேட்டைக் கழகம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் செந்நரியை இங்கே காணாமையால், நம் ஊர் நரியையே அவர்கள் துரத்தினர். துரத்தும் நாய்கள் விலையுயர்ந்தவை, கடல்கடந்து வந்தவை. அந்நாய்கள் காய்ச்சலுற்று இளைத்து, முரசு வெளுத்து மாளத் தொடங்கின. பற்றன் என்ற வைத்தியர் அந்நாய்களின் குருதியை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்ந்தார். செங்குழியங்களின் உள்ளே மிகச் சிறிய ஒட்டுண்ணிகள் தென்பட்டன. அதே ஒட்டுண்ணியை அவர் நரியின் குருதியிலும் கண்டார். 1910 இல் வெளியிட்ட அறிக்கையில் அதற்குக் கிப்சோனி என்று பெயரிட்டார். பபேசியா கிப்சோனி என்று இன்று வழங்கும் ஒட்டுண்ணி அதுவே. துரத்தப்பட்ட நரி அதைப் பெரிதும் துன்பமின்றித் தாங்கிக்கொண்டது; துரத்திய நாயோ மாண்டது.

இவ்வகை ஒட்டுண்ணிக்குப் பபேசியா என்ற பெயர் உருமேனியா நாட்டு அறிஞர் பாபெஷ் என்பவரின் நினைவாக வந்தது; அவர் 1888 இல் மாடுகளின் குருதியில் அதைக் கண்டார். நாய்க்கு இந்நோயை உண்ணி பரப்புகின்றது என்பதைத் தென்னாபிரிக்காவில் லவுன்ஸ்பரி 1901 இல் காட்டினார். 1909 இல் கேம்பிரிட்ஜில் நட்டாலும் ஹட்வெனும் ஒரு நீலச்சாயத்தை ஊசி மூலம் செலுத்தி நாய்களைப் பிழைக்கச் செய்தனர். பிழைத்த நாயின் தசையெல்லாம் நீலமாகும் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அந்தச் சாயம் பெரிய வகைப் பபேசியாவுக்கே பயன்பட்டது; சென்னையிற் கண்ட சிறிய வகைக்குப் பயன்படவில்லை. நம் பகுதி நாய்களை வருத்துவது பெரும்பாலும் அந்தச் சிறிய வகையே.

இரண்டாவது பெயர் வட ஆபிரிக்காவில் கிடைத்தது. அல்ஜீரியாவிலுள்ள பாஸ்டர் நிலையத்தில், உண்ணி மொய்த்த நாய்கள் காய்ச்சலால் வருந்தின. 1935 இல் டொனாஷியனும் லெஸ்டொக்கார்டும் அந்நாய்களின் வெண்குழியங்களுள்ளே நுண்ணிய பற்றீரியாவைக் கண்டனர். பின்னர் ஜெர்மானிய அறிஞர் ஏர்லிக்கின் பெயரால் அது ஏர்லிக்கியா எனப்பட்டது. அந்த அறிக்கையை உலகம் படித்தது; படித்துவிட்டு மறந்தது. அல்ஜீரியத் தெருநாயின் நோய்க்கு யார் பணம் செலவிடுவார்?

மறந்ததற்கு விலை பின்னர் கொடுக்க நேர்ந்தது. 1963 இல், நம்மவர் பலர் உத்தியோகம் பார்த்த சிங்கப்பூரில், பிரித்தானியப் படையின் நாய்கள் மூக்கிற் குருதி வடிந்து மாண்டன. சில ஆண்டுகளின் பின் வியட்நாமில் அமெரிக்கப் படை நாய்களுக்கும் அதே கதி வந்தது. 1968 முதல் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன. படை வைத்தியர் அந்நோய்க்கு முதலில் வைத்த பெயரைத் தமிழிற் சொன்னால், 'காரணம் அறியாக் குருதிப்போக்கு' என்பதாகும். உலகிலேயே பெருஞ்செல்வம் படைத்த படை, நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடமும் கையில் வைத்துக்கொண்டு, தொண்டைமானாற்று வீட்டுக்காரர் சொல்லுகின்ற அதே சொல்லைச் சொல்லி நின்றது. பின்னர் ஹக்ஸோல் முதலியோர் ஆராய்ந்து, அது அல்ஜீரியாவில் 1935 இல் கண்ட அதே ஏர்லிக்கியா என்று தெளிந்தனர். டெட்ராசைக்கிளின் என்ற சாதாரண மருந்து அதைக் கட்டுப்படுத்தும் என்றும் கண்டனர். ஆயினும் வியட்நாமிற் பணிபுரிந்த ஏறத்தாழ 4,000 நாய்களில் வீடு திரும்பியவை ஏறத்தாழ 200 மட்டுமே. அவற்றை விட்டுவந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்நோய் பரவும் என்ற அச்சமும் ஒன்று.

இவ்வாறு, சீமான்களின் வேட்டை நாயும் வல்லரசின் படை நாயும் மாண்ட பின்னரே நாய்க் காய்ச்சலுக்குப் பெயரும் மருந்தும் கிடைத்தன. அந்த அறிவு இன்று நம் படலை நாய்க்கும் உரியது. ஆனால் அதைப் பயன்படுத்துவதில்தான் பணப் பிரச்சினை எழுகின்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதைச் சற்று விரித்துக் கூறவேண்டும். பபேசியா செங்குழியத்தை உடைக்கின்றது. ஏர்லிக்கியா வெண்குழியத்தில் வாழ்ந்து குருதிச் சிறுதட்டுக்களைக் குறைக்கின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே: காய்ச்சல், சோர்வு, வெளுப்பு. இரண்டையும் உண்ணியே கொண்டுவருகின்றது. ஒரே நாயில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆனால் மருந்து வேறு. ஏர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் போன்ற மலிவான மருந்து, சில கிழமைகள் தவறாது கொடுத்தால் போதும். சிறிய வகைப் பபேசியாவுக்கோ அந்த மருந்து மட்டும் போதாது. அதற்கான ஊசிகள் நோயை அடக்குமேயன்றி அடியோடு அகற்றுவது அரிது. 2004 இல் அமெரிக்காவில் ஆராய்ந்து காட்டிய ஒரு கூட்டு மருந்து மேலானது. ஆனால் அதன் விலை ஒரு தோட்டக்காரரின் கைக்கு எட்டுவதன்று.

ஆகவே, அனுமானத்தின் மேல் மருந்து வாங்குபவர் இருமுறை செலவழிக்கிறார். முதலில் ஒரு மருந்து, அது பலிக்காதபோது மற்றொன்று, அதனோடு சத்து மருந்து, ஈரல் மருந்து என்று பணம் கரைகின்றது. நாயும் கரைகின்றது. முதல் ரூபாயை ஒரு துளிக் குருதிக்கே செலவிடவேண்டும் என்பது என் துணிபு. காதோரத்தில் எடுத்த ஒரு துளியைக் கண்ணாடித் துண்டிற் பூசி, சாயமிட்டு நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் முறை பற்றன் காலத்து முறையே. மலிவானது, அது எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதும் உண்மை. ஒட்டுண்ணி குறைவாயிருந்தால் கண்ணுக்குத் தப்பும். அப்போது விலைகூடிய சோதனையை நாடலாம். வீட்டில் மனிதருக்கு வைத்திருக்கும் பனடோலைக் கொடுத்து அடக்கலாம் என்று மட்டும் எண்ணவேண்டாம். நாயின் உடல் அதை நம்முடலைப் போலத் தாங்காது.

நம் பகுதியில் வைத்தியத்தின் விலையைத் தூரமும் கூட்டியது. மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை பேராதனையில் இருக்கின்றது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. அந்த வீதியும் போரின் காரணமாக 1990 முதல் 2002 வரை மூடுண்டிருந்தது; 2006 இல் மீண்டும் மூடப்பட்டு, 2009 இலேயே திறந்தது. மனிதருக்கே மருந்து அரிதாயிருந்த அக்காலத்தில், நாய்க்கு மருந்து கேட்க எவருக்கு நாவெழும்? வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்தோர் பலருக்கு வளர்த்த நாயை அழைத்துச் செல்லவும் இயலவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் மீண்டும் அரிதாயின.

இறுதியாக, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். ஏர்லிக்கியா நெடுநாள் மறைந்திருந்து என்புமச்சையை அழித்துவிட்டால், குருதி ஏற்றுவதும் விலையுயர்ந்த மருந்தும் சில நாட்களைத் தருமேயன்றி நாயைத் தாரா. அந்நிலையிற் 'பிழைக்குமா' என்று வைத்தியரிடம் நேராகக் கேட்பதும், இல்லை என்றால் வேதனையை மட்டும் தணிக்கச் சொல்வதும் அன்பின்மை ஆகாது. பிள்ளைகளின் படிப்புப் பணத்தை எடுத்துச் செலவழித்தவரை நான் குறைகூறேன். செலவழிக்க இயலாதவரையும் குறைகூறேன். குறைகூறத் தக்கவர், நாயின் காதுள் உண்ணி திரண்டிருப்பதைக் கண்டும் நாளைக்குப் பார்ப்போம் என்றிருப்பவரே.

அந்தக் கபில நிற உண்ணி, நாயின் உடலை விடச் சுவரின் வெடிப்பிலே கூடிய காலம் வாழ்கின்றது. குருதி குடித்து வீங்கிய பெண் உண்ணி நாயை விட்டிறங்கி, சுண்ணக்கல் மதிலின் இடுக்கிலும் கிடுகு வேலியின் அடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றது. குஞ்சுகள் உணவின்றி மாதக்கணக்கிற் காத்திருக்க வல்லன. நாயைக் குளிப்பாட்டிவிட்டு அதே மூலையிற் படுக்க விடுவதாற் பயனில்லை. நாய் படுக்கும் இடத்துச் சுவர் வெடிப்பை அடைத்து, சாக்கை வெயிலிற் காயவைத்து, வைத்தியர் தரும் உண்ணி மருந்தை நாள் தவறாது இட்டால், அதற்கு ஆகும் பணம், மூக்கில் வடியும் குருதியை நிறுத்த ஓடும் ஒரு நாட் செலவிலும் குறைவு.