வாய்த் தொடுவுணர்வுச் சோதனைக் கருவிகள்

வாய்த் தொடுவுணர்வுச் சோதனைக் கருவிகள் என்பவை உதடு, நாக்கு, ஈறு, அண்ணம் ஆகியவை தொடுகையை எவ்வளவு நுட்பமாக உணர்கின்றன என்பதை அளக்கப் பயன்படுபவை ஆகும். சுவையறியும் சோதனைகள் இவற்றில் அடங்கா.

கீழ்த்தாடையின் ஞானப்பல்லை அகற்றும்போது, அருகில் செல்லும் நாக்கு நரம்பு காயமுற்று நாக்கின் ஒரு பக்கம் மரத்துப்போகக்கூடும். அப்போது சூடான காப்பி சுடுவதும் நாக்கு கடிபடுவதும் நோயாளிக்குத் தெரியாமற் போகலாம். உணர்வு மீள்கிறதா என்று பல மாதங்கள் ஒப்பிட்டுப் பார்க்க "பரவாயில்லை" என்ற விடை போதாது, அளவு தேவை.

இருபுள்ளிச் சோதனை

1834-இல் செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் கவராயத்தின் இரு முனைகளால் உடலின் பல பகுதிகளைத் தொட்டு, அவை இரண்டாக உணரப்படும் மிகச்சிறிய இடைவெளியை அளந்தார். நாக்கு நுனியில் அது ஏறத்தாழ 1 மி.மீ., விரல் நுனியில் 2 மி.மீ., முதுகின் நடுவில் 60 மி.மீ.-க்கு மேல். ஒரு முனைக்கும் இரு முனைக்கும் அழுத்தம் வேறுபடுவதால் ஊகித்தும் விடை கூறலாம் என்பது இதன் குறை. இதைத் தவிர்க்க, வரிப்பள்ளங்கள் கொண்ட குமிழை அழுத்தி வரிகளின் திசையைக் கேட்கும் முறை வந்தது. 1994-இல் வெளியான ஆய்வொன்றில் இம்முறையின் சராசரி அளவு உதட்டில் 0.51, நாக்கில் 0.58, விரலில் 0.94 மி.மீ. எனக் கண்டறியப்பட்டது.

இழைகள்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாக்ஸ் வான் பிரை முடிகளைக் கொண்டு அழுத்த உணர்வை அளந்தார். செம்ஸ், வைன்சுடைன் ஆகியோர் 1960-இல் நைலான் இழைகளைப் பயன்படுத்தினர். நிமிர்த்தி அழுத்தப்படும் இழை குறிப்பிட்ட விசையில் வளைந்துவிடும். பின்னர் மேலும் அழுத்தினாலும் விசை பெரிதாகக் கூடுவதில்லை. எனவே சோதிப்பவரின் கைப்பழக்கம் முடிவை அதிகம் பாதிப்பதில்லை. இந்தியாவில் தொழுநோயாளிகளின் கைகால்களையும் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களையும் சோதிக்க இவ்விழைகள் பயன்படுகின்றன. ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சித் தளரும். வாயினுள் இது பெரிய இடையூறு. நாக்கைச் சற்று உலர்த்தி, அசையாது பிடித்தே சோதிக்க வேண்டும்.

வடிவறிதல்

சிறு நெகிழி வடிவங்களைக் கண்ணால் காணாது நாக்கால் துழாவி, ஒத்த படத்தைச் சுட்டிக்காட்டுவது இச்சோதனை. விழுங்காதிருக்க வடிவத்தில் நூல் கட்டுவதுண்டு. நாக்கின் அசைவும் இதில் சேர்வதால் இதைத் தூய தொடுவுணர்வு அளவீடாகக் கொள்ள இயலாது.

பயன்

தாமலுக்கு அண்மையில், காஞ்சிபுரம் காரப்பேட்டையில், 1969-இல் நிறுவப்பட்ட அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. இந்தியாவில் வாய்ப்புற்றுநோய் மிகுதி. அறுவையில் நாக்கின் ஒரு பகுதியை நீக்கினால் முன்கைத் தோலைக் கொண்டு அதை ஈடுசெய்வதுண்டு. அத்தோலில் உணர்வு எந்த அளவு தோன்றியுள்ளது என்பதை இக்கருவிகளால் அறியலாம். ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டிருப்பின், அதே நோயாளியின் நலமான மறுபக்கமே ஒப்பீட்டு அளவாகக் கொள்ளப்படும்.