சோற்றுக்காரர்கள் செய்த ரொட்டி மெஷின்

1985இல் ஜப்பானின் ஒசாகா நகரத்தில் மாவு உருண்டைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மெஷின் பிசைந்த மாவு, இன்னொரு பக்கம் தேர்ந்த ரொட்டி மாஸ்டர் கையால் பிசைந்த மாவு. மாஸ்டர் மாவு ரொட்டியாகப் பொங்கி வருகிறது. மெஷின் மாவு மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கிறது. படத்திலாவது காரணம் தெரியுமா என்று தேடினார்கள் மாட்சுஷிடா எலெக்ட்ரிக் கம்பெனியின் இன்ஜினீயர்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

மாட்சுஷிடா என்றால் நம் வீடுகளுக்குப் பழக்கமில்லாத பெயர். ‘நேஷனல்’ என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும், ‘பானசோனிக்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். பிற்காலத்தில் சென்னைப் பக்கம் ஆலை வைத்து நமக்கு ரைஸ் குக்கர் செய்து கொடுத்தவர்களும் இவர்கள்தான். இன்று பாளையங்கோட்டையில் ஒருவர் பிரெட் மெஷினில் மைதாவைப் போட்டு, பீட்சா மாவுக்கான பட்டனை அமுக்கிவிட்டுக் காய்கறி நறுக்கப் போகிறார் என்றால், அந்த மெஷின் பிறந்தது ரைஸ் குக்கர் குடும்பத்தில். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். தலைமுறை தலைமுறையாக ரொட்டி தின்ற எந்த நாடும் இதைச் செய்யவில்லை. மூன்று வேளையும் சோறு வடித்தவர்கள் செய்தார்கள்.

ரொட்டி தின்கிற தேசங்களில் மாவு பிசையும் இயந்திரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஹோட்டல் நடத்திய ஜோசப் லீ என்ற கறுப்பினத்தவர் 1894இலேயே ரொட்டி மாவு பிசையும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1919இல் கிச்சன்எய்டின் மிக்சர் வீட்டு அடுக்களைக்கே வந்துவிட்டது. ஆனால் அவை பிசைவதோடு கையைக் கழுவிக்கொள்ளும். மாவை உப்ப வைப்பதும் சுடுவதும் வீட்டுக்காரர் பாடு. அவர்கள் வீட்டில் அடுப்போடு சேர்ந்தே ஓவன் இருந்தது, தெருமுனையில் பேக்கரி இருந்தது. முழு வேலையையும் ஒரு பெட்டிக்குள் அடைக்க வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை. ஜப்பானிய அடுக்களையில் ஓவன் அபூர்வம். ரொட்டி சுடத் தெரிந்த பாட்டியும் வீட்டில் கிடையாது. காலையில் டோஸ்ட் தின்னும் பழக்கம் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

இன்னொரு காரணம், கொஞ்சம் அலுப்பான ஆபீஸ் காரணம். 1984இல் மாட்சுஷிடா தன் மூன்று பிரிவுகளை ஒன்றாக இணைத்தது. ஒரு பிரிவு மைக்ரோ கம்ப்யூட்டர் வைத்த ரைஸ் குக்கர் செய்துகொண்டிருந்தது. இன்னொன்று டோஸ்டர், காபி மேக்கர் போன்ற சூடேறும் சாமான்கள். மூன்றாவது மோட்டார் வைத்துச் சுற்றும் சாமான்கள். மூன்று வீட்டு ஆட்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் முதலில் முறைத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் நேரமும் சூடும் பார்த்து நடத்தும் மூளை முதல் பிரிவிடம், சுடும் கம்பி இரண்டாம் பிரிவிடம், பிசையும் மோட்டார் மூன்றாம் பிரிவிடம் இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ரொட்டி மெஷின் ஏறக்குறையத் தயார். அமெரிக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், பெண்கள் வேலைக்குப் போவதும் சாப்பாடு சுருங்கிப் போவதும் இங்கேயும் வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். எளிதில் ஆக வேண்டும், ருசியும் குறையக் கூடாது. இதுதான் அவர்களுக்கு இட்ட வேலை.

பாகங்கள் எல்லாம் இருந்தும் ரொட்டி வரவில்லை. எக்ஸ்ரே கதை அப்போது நடந்ததுதான்.

குழுவில் மென்பொருள் எழுதிய இகுகோ தனாக்கா என்ற பெண் ஒரு யோசனை சொன்னார். ஒசாகாவில் நல்ல ரொட்டிக்குப் பேர்போனது ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டல். அங்கே போய்த் தலைமை மாஸ்டரிடம் வேலை கற்றுக்கொண்டால் என்ன? போனார். பார்த்தார், பிசைந்தார். மாஸ்டர் வெறுமனே மாவை அமுக்கவில்லை, முறுக்கி இழுக்கிறார் என்று பிறகு கண்டுகொண்டார். இதை மாஸ்டரே வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கை செய்வதை வாய்க்குக் கேட்டால் தெரியாது.

திரும்பி வந்து இன்ஜினீயர்களிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கிறது. ‘முறுக்கி இழு’ என்பதை எத்தனை சுற்று, எவ்வளவு வேகம் என்று எழுத முடியாது. இன்னும் பலமாக, இன்னும் மெதுவாக என்று அவர் சொல்லச் சொல்ல, அவர்கள் பிளேடையும் மோட்டாரையும் மாற்றிக்கொண்டே போனார்கள். சுமார் ஒரு வருஷ உழைப்புக்குப் பிறகு விடை கிடைத்தது. பிசையும் பாத்திரத்தின் உள்சுவரில் விலா எலும்பு மாதிரிச் சின்ன மேடுகளை வைத்தார்கள். பிளேடு சுற்றும்போது மாவின் ஒரு பக்கம் அந்த மேட்டில் தட்டி நிற்கும், மறு பக்கம் பிளேடோடு போகும். நடுவில் மாவு இழுபடும். இன்றும் பல பிரெட் மெஷின்களின் வாளிக்குள் விரலை விட்டால் அந்த மேடு தட்டுப்படும்.

இந்த இழுவை திருநெல்வேலிக்காரர்களுக்குப் புதிதில்லை. சித்தாறு குற்றாலத்தில் விழுந்து தாமிரபரணியோடு சேரும் வழி நெடுக ராத்திரியில் பரோட்டாக் கல் சத்தம் கேட்கும். செங்கோட்டைக்குப் பக்கத்துப் பிரானூர் ‘பார்டர்’ பரோட்டாவுக்கு எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். மாஸ்டர் மைதாவில் உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, மேசையில் அறைந்து அறைந்து இழுக்கிறார். ஈரத்துணி போட்டு ஊற வைக்கிறார். உருண்டை பிடித்து எண்ணெயில் உட்கார வைக்கிறார். பிறகு வீசினால் மேசை தெரிகிற அளவுக்கு மெலிகிறது, கிழிவதில்லை. ஈரம் பட்ட கோதுமைப் புரதங்கள் இரண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் ரப்பர் வலைதான் அதைத் தாங்குகிறது. குளூட்டன் என்பது அந்த வலையின் பெயர். பரோட்டாவில் அது மெலிந்து அடுக்காகிறது. பீட்சாவிலும் ரொட்டியிலும் ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இழுவை சரியில்லை என்றால் வலை இல்லை, வலை இல்லை என்றால் காற்று நிற்காது. ஒசாகா மெஷினின் முதல் ரொட்டிகள் உள்ளே வேகாமல் போன கோளாறும் இந்தப் பிசைதலில்தான் இருந்தது.

கார், பிசானம் என்று இரண்டு பருவமும் நெல் விளையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு இது. எட்டு அணைக்கட்டுத் தண்ணீரும் பாய்வது நெல்லுக்கும் வாழைக்கும்தான், கோதுமைக்கு இங்கே ஒரு வயல்கூடக் கிடையாது. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாடும், 1950களில் அமெரிக்காவின் பி.எல்.480 திட்டத்தில் கப்பல் கப்பலாக வந்த கோதுமையும் சோறு தின்கிற ஊர்களில் மைதாவைப் பழக்கின. கையில் பழகிய வித்தை மட்டும் இரண்டு தலைமுறைக்குள் ஊறிவிட்டது. ஒசாகாவுக்கும் நமக்கும் அந்த வகையில் ஒரு சொந்தம் இருக்கிறது. பரோட்டா மாஸ்டரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு மெஷின் செய்ய இங்கே ஒரு கம்பெனி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒசாகாவில் பிசைதல் தீர்ந்ததும் சூடு வந்து நின்றது. கோடையில் மாவு தாறுமாறாகப் புளிக்கும், குளிரில் உப்பாது. பெட்டிக்குள் குளிர்சாதனம் வைத்தால் விலை எகிறும். கடைசியில் பிடித்த வழி எளியது. ஈஸ்ட்டை முதலிலேயே போடாமல் தனிக் கிண்ணத்தில் மேலே வைத்துக்கொண்டு, மாவு பாதி பிசைபட்ட பிறகு தானாக விழச் செய்தார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிகள் இல்லாத காலத்து ரொட்டிக்காரர்கள் கையாண்ட முறை அது. அந்த மாற்றத்துக்காக விற்பனையைச் சில மாதம் தள்ளிப்போட்டு, 1987 பிப்ரவரியில் 36,000 யென் விலையில் ‘ஹோம் பேக்கரி’ கடைக்கு வந்தது. முதல் வருஷமே ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது.

தனாக்காவின் கதை பிறகு மெஷினைவிடப் பிரபலமாகிவிட்டது. இகுஜிரோ நோனாகா என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1991இல் ஒரு கட்டுரையிலும், 1995இல் ஹிரோதகா தகேயுச்சியோடு சேர்ந்து எழுதிய புத்தகத்திலும் இதை எடுத்துக்காட்டாக வைத்தார். கையில் இருக்கும் அறிவைப் பொறியாக மாற்றலாம் என்பதற்கு இதுவே சாட்சி என்றார். உலகம் முழுக்க மேலாண்மை வகுப்புகளில் இது ஓதப்பட்டது. 2007இல் ரிபெய்ரோ, காலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள். மாஸ்டரின் அறிவு பெட்டிக்குள் போகவே இல்லை, அசைவு மட்டும்தான் போனது என்பது அவர்கள் கட்சி. மாவு ஈரமா வறட்சியா, இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு என்று தீர்மானிக்கும் வேலையை மெஷின் செய்வதில்லை; அளந்து போடும் வீட்டுக்காரரும், எப்போதும் ஒரே தரத்தில் பாக்கெட் போடும் மாவு ஆலையும் சேர்ந்து அந்த ஓட்டையை அடைக்கிறார்கள் என்றார்கள். நான் இவர்கள் பக்கம். திருநெல்வேலியில் மெஷின் வாங்கியவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஏனென்றால் கூட வரும் சமையல் குறிப்பு குளிர்தேசத்து அளவில் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் என்று போட்டிருக்கும். சித்திரை மாதத்தில் நம் குழாயில் வருவதே வெந்நீர்தான். பிசையும்போது உராய்வில் மாவு இன்னும் சூடேறும். பிறகு ஈஸ்ட் அவசரப்பட்டு வேலையை முடித்துவிடும். மாவு உப்பி, புளித்து, அமுங்கி, கையில் ஒட்டும். இங்கே ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டும், ஈஸ்ட்டில் பாதி போதும். 300 கிராம் மைதாவுக்கு 180 மில்லி தண்ணீரில் ஆரம்பிக்கலாம். ஒரு சின்ன ஸ்பூன் உப்பு, ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய், அரை சின்ன ஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பட்டனை அமுக்கிவிட்டு ஓடிவிடக் கூடாது. ஐந்தாறு நிமிஷத்தில் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும். மாவு சுவரை விட்டு விலகி ஒரே உருண்டையாக உருள வேண்டும். அடியில் பசைபோலக் கிடந்தால் ஒரு ஸ்பூன் மைதா, உடைந்து உடைந்து சுற்றினால் ஒரு ஸ்பூன் தண்ணீர். ஆய்வாளர்கள் சொன்ன ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பீட்சா மாவு ஆக, மெஷினுக்கு மெஷின் முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகும். பலர் கொஞ்ச நாளிலேயே மெஷினில் ரொட்டி சுடுவதை விட்டுவிட்டு மாவு பிசைய மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதில் சுட்ட ரொட்டியின் அடியில் பிளேடு புதைந்த ஓட்டை விழும், வடிவமும் வாளி வடிவம். மாவை எடுத்து எண்ணெய் தடவிய டப்பாவில் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ருசி கூடும், இழுக்கவும் இணங்கும். ஓவன் இல்லாதவர்கள் கனத்த தோசைக் கல்லில் ஒரு பக்கம் வாட்டி, திருப்பி, சீஸைப் போட்டு மூடிவிடுகிறார்கள். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இங்கே கேள்வி ஒன்று எழும்: கிரைண்டர் இருக்கும்போது எதற்கு இது? ஜப்பானில் தோஷிபாவின் தானியங்கி ரைஸ் குக்கர் கடைக்கு வந்த அதே 1955இல்தான் கோவையில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டர் செய்ததாகச் சொல்வார்கள். 2011இல் அரசின் விலையில்லாத் திட்டத்தில் ரேஷன் கார்டுக்கு ஒன்றென்று அது வீடு வீடாகவும் வந்து சேர்ந்தது. சப்பாத்தி மாவு பிசைய அதற்கொரு துணைக்கருவியும் சேர்த்து விற்கிறார்கள். சப்பாத்திக்குப் போதும். ஈஸ்ட் மாவுக்கு நேரம் பார்த்து நிறுத்துவதும் சூட்டில் வைத்து உப்ப விடுவதும் நம் தலையில்தான் விழும். கல் உருளுவது அரைப்பதற்கான அசைவு. அதில் இழுவை கிடையாது.

அரைப்பு வேறு, இழுவை வேறு என்பது அல்வாக் கடைக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். சம்பா கோதுமையை ஊற வைத்து ஆட்டிப் பால் பிழிகிறபோது அவர்களுக்கு வேண்டியது வெள்ளையான மாச்சத்து மட்டும். பாலைத் தெளிய வைத்து, மேல்தண்ணீரை இறுத்துவிட்டுச் சட்டியில் ஏற்றுகிறார்கள். ரப்பர்போல இழுபடும் பகுதி பெரும்பாலும் சக்கையோடு போய்விடும். பரோட்டாக் கடையில் உயிராகக் காக்கப்படும் குளூட்டன், நெல்லையப்பர் கோயில் பக்கத்து அல்வாச் சட்டிக்கு வேண்டாத விருந்தாளி.

2010இல் ஜப்பானில் சான்யோ கம்பெனி இதற்கு நேரெதிரான ஒரு வேலை செய்தது. கோபன் என்ற பிரெட் மெஷினில் அரிசியை அப்படியே போட்டால் போதும். மெஷினே ஊற வைத்து, தண்ணீரோடு ஆட்டி மாவாக்கி, அதில் கோதுமையிலிருந்து பிரித்த குளூட்டனையும் ஈஸ்ட்டையும் சேர்த்துப் பிசைந்து, உப்ப வைத்துச் சுட்டுத் தரும். அரிசிக்கு அந்த ரப்பர் வலை கிடையாது, அதனால் கடனாக வாங்கிச் சேர்த்தார்கள். கடைக்கு வந்த சில வாரங்களிலேயே ஆர்டர் தாங்காமல், புதிய ஆர்டர் வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டே சான்யோ பானசோனிக்கோடு இணைய, கோபனும் அந்த வீட்டுப் பிள்ளையானது.