செறிவூட்டல் என்னும் சொல்லும் கூண்டுக்குள் ஓர் அட்டைத் துண்டும்

ஆய்வுக்கூடங்களில் எலிகள் அடைக்கப்பட்டிருக்கும் கூண்டுகளிலும், வீடுகளில் முயல்கள் வளர்க்கப்படும் அடைப்புகளிலும் இன்று ஓர் எளிய பொருளைக் காணலாம். நெளி அட்டையின் ஒரு துண்டு, அல்லது காகிதச் சுருள் தீர்ந்தபின் எஞ்சும் அட்டைக் குழல். விலங்கு அதைக் கடிக்கும், பிராண்டும், உள்ளே நுழைந்து பதுங்கும், இரண்டொரு நாளில் நார் நாராகக் கிழித்துப் போடும். இவ்வாறு பொருள் வைத்தலுக்கு விலங்கு நல அறிவியலில் ‘சூழல் செறிவூட்டல்’ என்று பெயர்.

செறிவூட்டல் என்னும் சொல் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. நியாய விலைக் கடைகளில் வழங்கப்படும் ‘செறிவூட்டப்பட்ட அரிசி’ அதை அன்றாட வழக்குக்குக் கொண்டுவந்துவிட்டது. நிறைவாக உள்ள ஒன்றின்மேல் கூடுதலாக ஏதோ சேர்க்கப்படுகிறது என்ற பொருளையே அச்சொல் முதலில் தருகிறது. ஆனால் அரிசியின் கதை வேறு. நெல்லை ஆலையிலிட்டுத் தவிட்டைத் தீட்டி நீக்கும்போது அதனோடு சத்துகளும் பெருமளவு நீங்குகின்றன. பிறகு இரும்பு முதலிய சத்துகள் வெளியிலிருந்து சேர்க்கப்படுகின்றன. சேர்த்தலைச் சொல் காட்டுகிறது. அதற்கு முன் நிகழ்ந்த நீக்கத்தைக் காட்டுவதில்லை. கூண்டுக்குள் வந்த அட்டைத் துண்டின் வரலாறும் இதுவே.

முதலில், நீக்கப்பட்டது எது என்பதைக் காணவேண்டும். எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர், கினி எலி ஆகியவற்றின் வரிசைக்கு உயிரியலில் வழங்கும் ‘ரோடென்ஷியா’ என்னும் பெயர், கொறித்தல் என்று பொருள்படும் ‘ரோடெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. அவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. தமிழில் அவ்வரிசையைக் ‘கொறித்துண்ணி’ என்பர். பெயர் அழகியதே, எனினும் கொறித்தலை உண்ணுதலோடு அது பிணைத்துவிடுகிறது. இவ்விலங்குகள் உண்பதற்காக மட்டும் கொறிப்பதில்லை. வழி திறக்கவும், கூடு கட்டத் தேவையான நாரைக் கிழித்தெடுக்கவும், புதிய பொருளை அறியவும் அவை கொறிக்கின்றன. பல் அவற்றுக்குக் கருவியுமாகும்.

முயல் இவ்வரிசையைச் சேர்ந்ததன்று. நெடுங்காலம் கொறித்துண்ணிகளோடு சேர்த்தே எண்ணப்பட்ட அது, 1912இல் ஜேம்ஸ் கிட்லி முன்வைத்த வகைப்பாட்டில் தனி வரிசையாகப் பிரிக்கப்பட்டது. மேல் முன்பற்களுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் இரண்டாவது சிறு பல்லிணை அதன் அடையாளங்களுள் ஒன்று. முயலின் 28 பற்களும் ஓயாது வளர்பவை. வீட்டு முயலின் மூதாதையான ஐரோப்பியக் குழிமுயலின் அறிவியற்பெயர் ‘ஒரிக்டோலாகஸ் குனிகுலஸ்’. இதன் முற்பகுதி கிரேக்கத்தில் ‘தோண்டும் முயல்’ என்று பொருள்படும். பிற்பகுதி இலத்தீனில் முயலையும் நிலத்தடி வழியையும் ஒருங்கே குறித்த சொல். மதிலைத் தகர்க்க வீரர்கள் அகழ்ந்த சுரங்கத்துக்கும் உரோமர் அச்சொல்லையே வழங்கினர். தோண்டுதல் இவ்விலங்கின் பெயரிலேயே இருமுறை பொறிக்கப்பட்டிருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் முயல்கள் வேலியிட்ட நிலங்களில் வளர்க்கப்பட்டபோது, அவை சிறைப்பட்டிருந்தாலும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தன. மரப்பெட்டிக்கும் பிறகு கம்பிக் கூண்டுக்கும் அவை மாறியபோது மண் இல்லாமற்போயிற்று. 1944இல் ஜான் டிரெய்ஸும் உடனாய்வாளர்களும் கண் உறுத்தல் சோதனையை வகுத்தபின், வெள்ளை முயல் வேதிப்பொருள் சோதனைகளின் நிலையான விலங்காயிற்று. எலியின் பாதையும் இதற்கு இணையானது. 1906இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்துக்கு ஹென்றி டொனால்ட்சன் கொண்டுவந்த வெள்ளெலிகளிலிருந்து, உலகெங்கும் பரவிய ஆய்வு எலிக் குடிகளுள் முதன்மையான ஒன்று உருவாயிற்று. அங்கு ஹெலன் டீன் கிங் தலைமுறை தலைமுறையாக உட்கலப்பு முறையில் எலிகளை வளர்த்தார். எங்கு சோதித்தாலும் ஒரே விடை தரும் எலி வேண்டும் என்பதே இம்முயற்சிகளின் நோக்கம். நோய்த்தொற்று ஒரு குடியையே அழித்துவிடக்கூடிய அக்காலத்தில், கழுவுவதற்கு எளிதான வெறுங்கூண்டு அறிவுடைய ஏற்பாடாகவே தோன்றியது. அதில் கொடுமையை நோக்கமாகக் கொண்டவர் எவருமிலர். ஆயினும் கழுவி நீக்கப்பட்டவற்றுள் விலங்கின் வேலையும் அடங்கியிருந்தது.

வெறுங்கூண்டு என்ன செய்கிறது என்ற கேள்வியை எழுப்பியது ஒரு வீடு. கனடாவின் உளவியலாளர் டொனால்ட் ஹெப், சில எலிகளை ஆய்வுக்கூடத்தில் வைக்காமல் தம் வீட்டில் செல்லப் பிராணிகளாக வளர்த்தார். புதிர்வழிச் சோதனைகளில் அவ்வெலிகள் கூண்டில் வளர்ந்தவற்றைவிடச் சிறப்பாகச் செயல்பட்டன. 1947இல் சுருக்கக் குறிப்பாக வெளிவந்த இம்முடிவு, 1949இல் அவர் எழுதிய ‘நடத்தையின் ஒழுங்கமைப்பு’ என்னும் நூலில் இடம்பெற்றது. முற்கால அனுபவம் பிற்காலக் கற்றலை வடிவமைக்கிறது என்ற அவரது கருத்துக்கு அது சான்றாயிற்று.

அக்கேள்வியை மூளைக்குள் கொண்டு சென்றவர்கள் பெர்க்லியில் பணியாற்றிய மார்க் ரோசன்ஸ்வைக், டேவிட் கிரெக், எட்வர்ட் பென்னட், மரியன் டயமண்ட் ஆகியோர். 1960களில் அவர்கள் எலிகளை மூன்று நிலைகளில் வளர்த்தனர். பெரிய கூண்டில் பத்துப் பன்னிரண்டு எலிகள், நாள்தோறும் மாற்றப்படும் விளையாட்டுப் பொருள்களோடு வாழ்ந்தது ‘செறிவுற்ற’ நிலை. ஓர் எலி தனியே அடைபட்டது ‘வறிய’ நிலை. சிறு கூண்டில் மூன்று எலிகள், உணவும் நீரும் மட்டும் பெற்று வாழ்ந்தது ‘வழக்கமான’ நிலை. செறிவுற்ற நிலையில் வளர்ந்த எலிகளின் பெருமூளைப் புறணி அதிக எடையும் தடிப்பும் பெற்றிருந்தது. வேறுபாடு சில விழுக்காடுகளே. ஆனால் மூளையின் அமைப்பு அனுபவத்தால் மாறும் என்பதையே பலர் ஏற்காதிருந்த காலம் அது. நரம்பறிவியலின் போக்கையே இம்முடிவு திருப்பியது.

இம்மூன்று பெயர்களும் மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கவை. சொற்கள் எதிரிணையாக அமையும்போது அவற்றுள் ஒன்று அடையாளம் தேவைப்படாத இயல்பு வடிவமாக நிற்கும்; மற்றது அதிலிருந்து விலகிய சிறப்பு வடிவமாகும். இங்கு இயல்பின் இடத்தைப் பிடித்தது மூன்று எலிகளின் சிறு கூண்டு. எலியின் இயல்பை ஆராய்ந்து எவரும் அக்கூண்டை அளவுகோலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அது ஏற்கெனவே இருந்தது, அவ்வளவே. அளவுகோல் அங்கு நின்றதால், அதற்கு மேற்பட்டதெல்லாம் செறிவாயிற்று.

இவ்வளவுகோலை அசைத்த சான்று அதே குழுவினரிடமிருந்தே வந்தது. ரோசன்ஸ்வைக், பென்னட், டயமண்ட் மூவரும் 1972இல் எழுதிய பொதுவாசகர் கட்டுரையில், திறந்தவெளி அடைப்பில் விடப்பட்ட ஆய்வு எலிகளைப் பற்றிக் குறிப்பிட்டனர். மண் ஈரமானதும் அவ்வெலிகள் வளை தோண்டத் தொடங்கின. நூறு தலைமுறைகளுக்கு மேலாக அவற்றின் முன்னோர் செய்திராத வேலை அது. ஒரு திங்கள் நீடித்த ஒன்பது சோதனைகளுள் எட்டில், வெளியில் வாழ்ந்த எலிகளின் மூளை வளர்ச்சி, ‘செறிவுற்ற’ கூண்டில் வாழ்ந்த உடன்பிறப்புகளின் வளர்ச்சியையும் விஞ்சியது. நிலத்தோடு ஒப்பிடும்போது செறிவுற்ற கூண்டும் வறியதே என்பது இதனால் புலப்பட்டது. ஆனால் பெயர் மாறவில்லை. 1970களில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சிசாலையில் ஹால் மார்கோவிட்ஸ், விலங்குகள் தாமே இயக்கி உணவு பெறும் அமைப்புகளை உருவாக்கினார். 1982இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலும் செறிவூட்டல் என்ற சொல்லே அமைந்தது.

அட்டைத் துண்டுக்கு நேரடியாக இட்டுச் சென்றவை 1990களின் ஆய்வுகள். கூண்டுச் சுண்டெலிகள் இரவில் மூடியின் கம்பிகளை மணிக்கணக்கில், மாறாத ஒரே அசைவில் கொறிப்பது அறியப்பட்ட செய்தி. வளரும் பல்லைத் தேய்ப்பதற்காகவே அவை அவ்வாறு செய்கின்றன என்று விளக்குவது எளிது. ஹானோ வூர்பெலும் உடனாய்வாளர்களும் குட்டிப் பருவத்திலிருந்தே இந்நடத்தையைத் தொடர்ந்து கவனித்தனர். வெளியேறும் முயற்சியாகத் தொடங்கிய அசைவே, வழி கிடைக்காத நிலையில் இறுகி, நோக்கமற்ற திரும்பச்செயலாக மாறுகிறது என்று அவர்கள் கண்டனர். பல் பராமரிப்பு என்று தோன்றியது தப்பும் முயற்சியின் எச்சம். 1998இல் வெளியான அவர்களது ஆய்வில், கூண்டுக்குள் ஓர் அட்டைக் குழல் வைக்கப்பட்டபோது இக்கம்பி கொறித்தல் குறைந்தது, முற்றும் மறையவில்லை. ஒரு குழல் எதைத் திருப்பித் தரும், எதைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அட்டை இவ்விடத்துக்கு வந்ததிலும் ஒரு வரலாறு உண்டு. நெளித்த காகிதத்துக்கு 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஹீலியும் ஆலனும் அதை உயரத் தொப்பிகளின் உட்புறத்துக்குப் பயன்படுத்தினர். 1871இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றி அனுப்புவதற்கு நெளி காகிதத்தைப் பரிந்துரைத்தார்; 1874இல் ஆலிவர் லாங் அதன்மேல் தட்டைத் தாளை ஒட்டி உறுதியாக்கினார். உடையாமல் காப்பதற்காக உருவான இப்பொருளை ஆய்வுக்கூட விலங்குக்கு ஏற்றதாக்கியது அதன் உடையும் தன்மை. அது மரநார். பல்லுக்கும் நகத்துக்கும் அது எதிர்ப்புத் தரும், பிறகு இணங்கும். விலங்கின் வேலைக்கு ஏற்ப உருமாறும். கம்பி எவ்வளவு கடித்தாலும் கம்பியாகவே இருக்கும். சுண்டெலிகளுக்குப் பல கூடமைப்புப் பொருள்களைக் கொடுத்து 1997இல் நெதர்லாந்தில் செய்யப்பட்ட தேர்வுச் சோதனையிலும், மரத்தாலான பொருள்களைவிடத் தாள் வகைகளையே அவை விரும்பின.

2000ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வு இப்பேச்சை வேறு தளத்துக்கு உயர்த்தியது. மனிதரைத் தாக்கும் ஹண்டிங்டன் நோயின் மரபணுவைப் பெற்ற சுண்டெலிகளின் கூண்டில் அட்டை முதலிய எளிய பொருள்கள் வைக்கப்பட்டு அடிக்கடி மாற்றப்பட்டன. அச்சுண்டெலிகளிடம் நோயின் அறிகுறிகள் காலம் தாழ்ந்தே தோன்றின. மரபணு ஒன்றே நோயின் போக்கை முற்றும் தீர்மானிக்கிறது என்று கருதப்பட்ட இடத்தில் சூழலும் ஒரு காரணியாக வந்து நின்றது. இதன் மறுபக்கம் இன்னும் கூர்மையானது. அட்டையற்ற கூண்டில் பெறப்பட்ட முந்தைய அளவீடுகள் எதை அளந்தன? நோயை மட்டுமா, அல்லது நோயோடு சேர்ந்த வெறுமையையுமா?

செறிவூட்டலுக்கு எதிரான வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. பொருள்கள் நுழைந்தால் விலங்குகளிடையே வேறுபாடு பெருகும், முடிவுகள் ஒப்பிடத்தகாதவையாகும், கூடுதல் விலங்குகள் தேவைப்படும் என்றனர். இதை 2004இல் டேவிட் வோல்ஃபரும் வூர்பெல் உள்ளிட்ட உடனாய்வாளர்களும் பல ஆய்வுக்கூடங்களில் ஒரே சோதனைகளைச் செய்து பரிசோதித்தனர். செறிவூட்டல் முடிவுகளின் துல்லியத்தையும் மறுசெய்கையையும் கெடுக்கவில்லை. சீர்மையை எல்லைமீறி வற்புறுத்தினால், ஒரு முடிவு அந்த ஒரு கூண்டுக்கு மட்டுமே பொருந்தும் உண்மையாகச் சுருங்கிவிடும் என்று வூர்பெல் 2000இலேயே எச்சரித்திருந்தார்.

இல்லங்களில் மாற்றம் வேறு வழியில் வந்தது. 1985இல் மரினெல் ஹாரிமன் எழுதிய வீட்டு முயல் கையேடும், 1988இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய வீட்டு முயல் சங்கமும், தோட்டத்து மரப்பெட்டியிலிருந்து முயலை வீட்டுக்குள் கொண்டுவந்தன. வந்த முயல் மேசைக் காலையும் மின்கம்பியையும் கடித்தது. குறும்பு என்று கருதப்பட்ட அச்செயல் அதன் வேலை என்று உணரப்பட்டபோது அட்டைப் பெட்டி அங்கும் இடம்பெற்றது. ஒட்டுப்பட்டை, உலோக ஊசி, பளபளப்பான நெகிழிப் பூச்சு ஆகியவை நீக்கப்பட்ட வெற்று அட்டையே இதற்குத் தகும். முயலின் கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது மணல்தன்மை கொண்ட புல்லும் வைக்கோலும்தாம்; அந்த இடத்தை அட்டை நிரப்பாது.

சட்டங்களோ இக்கேள்வியை ஒரே விதமாக அணுகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டுப் பணிப்புரை, ஆய்வு விலங்குகளுக்குச் செறிவூட்டலைக் கடமையாக்கியது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்திலோ, ஆய்வுக்கென வளர்க்கப்படும் எலிகளும் சுண்டெலிகளும் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ‘விலங்கு’ என்னும் சொல்லின் வரையறைக்கே வெளியே நிறுத்தப்பட்டன. இந்தியாவில், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கு நியாயமான அளவு அசைவதற்குப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றமாக்குகிறது. அக்காலத்துக்கு அது பெரும் முன்னேற்றம். எனினும் அதன் அளவை உயரம், நீளம், அகலம் என்பனவே. அந்த இடத்துக்குள் விலங்கு செய்வதற்கு என்ன இருக்கிறது என்று அப்பிரிவு கேட்கவில்லை.

தீட்டிய அரிசியில் சத்தைச் சேர்ப்பது பயனற்ற செயலன்று. சோகை மிகுந்த நாட்டில் அதன் தேவையை எளிதில் மறுக்கவியலாது. அதுபோலவே அட்டைத் துண்டும் பயனற்றதன்று. கம்பியைக் கொறித்த சுண்டெலிக்கு அது மெய்யான மாற்றத்தைத் தந்தது. ஆனால் அதைக் கொடை என்று எண்ணும்வரை வெறுங்கூண்டு இயல்பாகவும், மண்ணைத் தோண்டுவதும் மரத்தைக் கொறிப்பதும் உபரி வசதிகளாகவும் தோன்றிக்கொண்டிருக்கும். பெர்க்லியின் எலிகளுக்கு மண் கிடைத்தபோது வளை தோண்டக் கற்பிக்க எவரும் தேவைப்படவில்லை. நூறு தலைமுறைக் கூண்டு வாழ்வு அவ்வேலையை அவற்றிடமிருந்து நீக்கியிருக்கவில்லை. செய்வதற்கான இடத்தையே நீக்கியிருந்தது. செறிவூட்டல் என்ற சொல்லுக்குப் பதிலாக ‘மீட்டளித்தல்’ என்றொரு சொல் தொடக்கத்திலேயே வழக்குக்கு வந்திருந்தால், எவ்வளவு மீட்டளிக்கப்பட்டது, இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்ற கணக்கும் அதனுடனேயே எழுந்திருக்கும்.