நாணம் காத்த நோய்

கை காலில் நோய் வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லும் நாம், மறைவிடத்தில் வந்தால் மட்டும் வாய்மூடி மௌனிகளாகிறோம். ஸ்திரீகளோ பெற்ற தாயிடமும் சொல்வதில்லை. இம்மௌனத்தை நாணமென்றும் கற்பென்றும் போற்றி வந்திருக்கிறோம். அது காத்தது கற்பையன்று, நோயையே என்பதற்குச் சரித்திரம் சான்று பகர்கின்றது.

மகாராஷ்டிரத்தின் கிழக்கெல்லையில், கோண்டு முதலிய ஆதிவாசிகள் மிகுந்து வாழும் காடடர்ந்த ஜில்லா கட்சிரோலி. டாக்டர் அபய் பங், அவர் மனைவியார் டாக்டர் ராணி பங் ஆகிய இருவரும் 1986ஆம் வருஷம் முதல் அங்கே வைத்தியத் தொண்டு புரியலாயினர். அந்நாளில் கிராமத்துப் பெண் என்றால் பிரசவமும் கர்ப்பத்தடையுமே சர்க்கார்களின் நினைவுக்கு வந்தன. இவர்களோ இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, கண்டதை 1989இல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். நூற்றுக்கு 92 பேருக்குக் கர்ப்பப்பை நோயோ பால்வினை நோயோ ஒன்றேனும் இருந்தது. அதற்கு முன் வைத்தியரிடம் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர் நூற்றுக்கு எண்மரே!

வைத்தியசாலை இருந்தும் ஜனங்கள் வராததேன்? அறியாமை என்று பழிசுமத்தாமல், அவர்களையே கேட்டனர். பெரிய கட்டிடமும் வெள்ளுடையும் அச்சமூட்டுகின்றன, உற்றாரைக் கூட இருக்கவிடுவதில்லை என்ற விடை வந்தது. ஆகவே குடிசைகள் நிறைந்த கிராமம் போலவே ஒரு வைத்தியசாலை எழுந்தது. உறவினர் உடன் தங்கினர். ஆதிவாசிகள் வணங்கும் தந்தேஸ்வரியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பகுத்தறிவாளர் முகஞ்சுளிக்க வேண்டாம். தெய்வத்தின் பெயர் வாயிலோடு நின்றது. உள்ளே நடந்தது விஞ்ஞான வைத்தியமே.

மலாயாவிலும் இவ்விரு வழிகளைக் கண்டோம். 1870இல் நீரிணைக் குடியேற்றங்களில் பிறந்த தொத்துநோய்ச் சட்டம் விலைமாதரைப் பதிவுசெய்து கட்டாயமாகப் பரிசோதித்தது; அவர்களிடம் சென்ற ஆடவரைத் தீண்டவில்லை. 1880களின் பிற்பகுதியில் அது ஒழிந்தது. ஆனால் 1950களின் பிற்பகுதியில் கோம்பாக்கில் ஓராங் அஸ்லி மக்களுக்காக எழுந்த ஆஸ்பத்திரி, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தது. காட்டுமக்கள் நம்பி வந்தனர். கட்டாயம் விரட்டியது; மரியாதை அழைத்தது.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் தொற்றுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் மலேசியாவுக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகள் தயங்காமல் ரத்தப் பரிசோதனைக்கு வந்ததன் பலன் அது. அத்தயக்கம் மற்ற நோய்களிலும் ஒழிய வேண்டாமா?

பெடாஸிலும் அதையொத்த தோட்டப்புறங்களிலும் வாழும் தோழர்களே! மனைவி நோயென்றால் ஏசாதீர்கள், உடன் செல்லுங்கள். பால்வினை நோய்க்கு மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்து, கணவன் விலகி நின்றால், நோய் மீண்டும் அதே வீட்டுக்குத் திரும்பும். சிகிச்சைக்கு இருவரும் செல்வதில் அவமானமில்லை. சொல்லாமல் சாவதே அவமானம்.