ரியாலிட்டி ஷோவுக்கு ஸ்க்ரிப்ட் கிடையாதாமே!

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 'ஃப்ரெண்ட்ஸ்'ல நடிச்ச ஆறு பேருக்கும் 2002-லிருந்து ஆளுக்கு ஒரு எபிசோடுக்குப் பத்து லட்சம் டாலர். ஆக, அரை மணி நேரக் காமெடிக்கு இவங்க சம்பளம் மட்டுமே அறுபது லட்சம்! 2000-ல் சிபிஎஸ் சேனலில் வந்த 'சர்வைவர்'ல, மலேசியாப் பக்கம் ஒரு தீவில் 39 நாள் தாக்குப்பிடிச்சு ஜெயிச்சவருக்கு மொத்தமாகவே பத்து லட்சம்தான். அதன் கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் ஐந்து கோடிக்கும் மேல். இந்தக் கணக்கைப் போட எம்பிஏ வேறு படிக்கணுமா என்ன?

அப்புறம் 2002-ல் அமெரிக்கன் ஐடல், 2004-ல் அப்ரண்டிஸ் என்று வரிசை கட்டி வந்தன. 'ஸ்க்ரிப்ட் இல்லை, அதனால எழுத்தாளரும் வேண்டாம்' என்பதுதான் சேனல்களின் பேச்சு.

இதுதான் மக்களே, சுத்தமான ரீல். நாள்கணக்கில் எடுத்துத் தள்ளின ஃபுட்டேஜை ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கணும். யார் வில்லி, யார் அப்பாவி, அழுகையை எங்கே வைக்கிறது, எங்கே 'தொடரும்' போடுறது என்று முடிவு பண்ணணும். இது கதை எழுதுறது இல்லையா? ஆனா அவங்க பதவிக்குப் பேர் 'ஸ்டோரி ப்ரொட்யூசர்'. எழுத்தாளர்னு ஒத்துக்கிட்டா சங்க ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, பென்ஷன், மறு ஒளிபரப்புக்குப் பங்கு எல்லாம் கேட்பாங்களே! (டெசிக்னேஷனை மாத்தி காசை மிச்சம் பிடிக்கிற இந்த வித்தை எங்க சாஃப்ட்வேர் ஃபீல்டுக்கும் புதுசில்லை.)

2006 ஜூலையில் 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' ஷோவில் இந்த வேலை பார்த்த 12 பேர், எங்களையும் எழுத்தாளர் சங்க ஒப்பந்தத்தில் சேருங்கன்னு ஸ்ட்ரைக்கில் இறங்கினாங்க. ஷோ நிக்கலை. வேலைதான் போச்சு.

2007 நவம்பரில் அந்தச் சங்கமே ஸ்ட்ரைக். ரியாலிட்டிக்காரங்களையும் சேர்க்கணும்ங்கிறதும் கோரிக்கைகளில் ஒண்ணு. சீரியல்கள் எல்லாம் நின்னுபோக, சேனல்கள் ரியாலிட்டியை வச்சுத்தான் ஓட்டின. செலிபிரிட்டி அப்ரண்டிஸ் தொடங்கினது 2008 ஜனவரியில். ஸ்ட்ரைக்கை உடைக்கவே அந்த 'எழுத்தாளர் அல்லாத' எழுத்துதான் உதவிச்சு!

அதே ஜனவரியில், பேச்சுவார்த்தை நகரணுமேன்னு, சங்கம் ரியாலிட்டி கோரிக்கையைக் கைவிட்டது. பிப்ரவரியில் ஸ்ட்ரைக் முடிஞ்சது. இணையத்தில் ஓடுறதுக்கான பங்கு சீரியல் எழுத்தாளர்களுக்குக் கிடைச்சது. ஸ்டோரி ப்ரொட்யூசர்கள் பழையபடி எடிட்டிங் ரூமுக்கே போனாங்க.